இன்னாருக்கு ஒப்பாரி

பல்கலைக்கழக நாடகத் துறையின் கருப்பு அரங்கத்தில் ஒப்பாரி ஒன்று ஆளில்லாமல் குடியேறிய சங்கதியை அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தே சொல்வார்கள், ஆனால் தங்கள் பேரை மட்டும் சொல்லமாட்டார்கள், உங்கள் பேரையும் கேட்கமாட்டார்கள். மரியாதை தெரியாத ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். பயந்து பழகின ஊர், அவ்வளவுதான்.

ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சியை வருஷா வருஷம் சபையில் வைக்கிற நாளில்தான் அது ஆரம்பித்தது. கட்டுரையை வாசித்துவிட்டு உட்கார்ந்தால் போதாது, ஆடியாவது பாடியாவது காட்டவும் வேண்டும் என்பது அந்தத் துறையின் வழக்கம். ஆகவே துறைத்தலைவர் ஞானதிரவியம் கண்ணாடியை மூக்கில் இறக்கிக் கடற்கரை ஊர் ஒப்பாரிகளைப் பற்றி வாசிக்க, அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் அஞ்சுகம் மேடையில் பாயை விரித்து உட்கார்ந்து பாடினாள். பாட்டு அவளுடையது இல்லை. கடலோரத்தில் ஓர் எழவு வீட்டில் மகனைப் பறிகொடுத்த தாய் பாடியது, அஞ்சுகம் ஒலிப்பதிவுப் பெட்டியில் பிடித்து வந்தது. தகவல் கொடுத்தவர் பேரோ செத்தவர் பேரோ வெளியே வரக்கூடாது என்று ஆராய்ச்சிக்கு ஒரு விதி உண்டு, அதனால் அந்தத் தாய் கட்டுரையில் 'தகவலாளி ஏழு' ஆகிவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம். ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் செத்தவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதுதானே ஒப்பாரி, அந்தப் பேரையும் கத்தரிக்காய்க் காம்பு மாதிரி கிள்ளிப் போட்டுவிட்டு, சந்தம் இடிக்கக் கூடாதென்று அங்கே 'இன்னாரே' என்று வைத்தார் ஞானதிரவியம்.

அஞ்சுகம் கட்டுரைக்கு வேண்டிய இரண்டு அடியைப் பாடினாள், வாயை மூடினாள், கும்பிட்டாள், சபை கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்தது, பாட்டு ஓயவில்லை. விரித்த பாய்க்கு மேலே, உட்கார்ந்த பெண்பிள்ளையின் வாய் இருக்கும் உயரத்தில், அஞ்சுகத்தின் அதே குரல், அவள் பெட்டியில் பிடிக்காத, இதுவரை காதால் கேட்டே இராத மூன்றாவது அடியைப் பாடிக்கொண்டிருந்தது. அஞ்சுகம் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். தொண்டை சும்மாதான் இருந்தது.

நல்ல உத்தி என்று முன்வரிசையில் ஒருவர் பாராட்டினார். ஒலிபெருக்கியைப் பிடுங்கியபின்தான் அவர் முகம் மாறியது.

ஆனால் எதையும் பாடத்திட்டத்துக்குள் அடக்கிவிடுகிற சாமர்த்தியம் படித்தவர்களுக்கு உண்டு. ஒப்பாரி காலையில் முதல் மணிக்குத் தொடங்கியது, சாப்பாட்டு வேளைக்கு ஓய்ந்தது, சாயங்கால மணிக்கு நின்றது; ஒழுங்கான வாத்தியார் மாதிரி நேரம் தவறவில்லை. ஆகவே முதுகலை மாணவர்களை அதன் முன்னால் உட்காரவைத்து மூச்சு எங்கே எடுக்கிறது, இழுப்பு எங்கே இறங்குகிறது என்று குறிக்கச் சொன்னார்கள், அடுத்த வகுப்பில் நடிப்புப் பயிற்சி எடுத்தவர் பாயைச் சுற்றி ஆளை நடக்கவிட்டார், பக்கத்து ஊர்க் கல்லூரிகளிலிருந்து பேருந்து பிடித்து வந்தார்கள், ஞானதிரவியம் வெற்றிலையை மென்றபடி இது நம் துறைக்கு வந்த கொடை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தக் கொடையின் லட்சணம் விடுதி நாய் செத்தபோது தெரிந்தது. 'இன்னாரே' என்று சொன்ன இடத்தில் குரல் போகப்போக ஒன்றும் சொல்லாமல், வாய் திறந்த மாதிரி ஓர் இடைவெளி விட ஆரம்பித்திருந்தது. சும்மா இருக்கமாட்டாத மாணவன் ஒருவன் அந்த இடைவெளியில் விளையாட்டாக நாயின் பேரைச் சொன்னான். சிங்கம் என்று அதற்குப் பேர். விடிந்து பார்த்தால் சிங்கம் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் காலை நீட்டிக் கிடந்தது, நோயும் இல்லை, காயமும் இல்லை. ஒப்பாரியும் நிற்கவில்லை. அதற்கு வேண்டியது ஒரு மகன், நாய் இல்லை என்று அப்போது எல்லாருக்கும் விளங்கிற்று.

அன்றிலிருந்து அந்த வளாகத்தில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. வருகைப் பதிவை எண்ணால் எடுத்தார்கள், காதலர்கள்கூட எண்ணால் கூப்பிட்டுக்கொண்டார்கள், பேர் பொறித்த பலகைகளில் சாக்குத் துணியைக் கட்டினார்கள். ஊர்க்காரர்களோ பயத்தில் இன்னும் ஒரு படி போனார்கள். ஒப்பாரி செத்தவனின் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனதல்லவா, அது தங்களைச் சொல்கிறதா என்று கேட்டுப்போக ஜனம் வரிசையில் நின்றது. சுருட்டை முடி என்று ஒருநாள் பாடியது, ஊரில் அத்தனை சுருட்டையும் மொட்டையானது. பல்லிடுக்கில் சீட்டியடிப்பான் என்று பாடியது, சீட்டியடிப்பவர்கள் வாயைத் தைத்தாற்போல் நடந்தார்கள். வெற்றிலை போட்டுச் சிவந்த வாயே என்று பாடிய அன்று ஞானதிரவியம் வெற்றிலைச் செல்லத்தைக் குளத்தில் வீசிவிட்டு வந்து, தனக்கு எந்தக் காலத்திலும் அந்தப் பழக்கம் கிடையாது என்றார். பாவம், பல் காட்டிக்கொடுத்தது.

அஞ்சுகம் மட்டும் வரிசையில் நிற்கவில்லை. அவளுக்கு வேறொரு பயம். நாள்முழுக்கத் தன் குரலே தன்னை விட்டுத் தனியாக உட்கார்ந்து அழுவதைக் கேட்கிறவளுக்குச் சோறு இறங்குமா? அவள் காதைப் பொத்திக்கொண்டு நூலகத்தில் உட்கார்ந்திருந்த ஒருநாள், அரங்கத்துச் சன்னல் வழியாக இந்த அடி வந்தது:

*இடக்கையால் சோறுண்ட என் ராசா – உன்*
*எச்சிக்கை காயலையே*
*பொருத்திவச்ச புருவத்தில தழும்பிருக்க*
*பொட்டு வைக்க ஆளில்லையே*

அஞ்சுகத்தின் புருஷன் பால்வண்ணன் இடக்கைக்காரன். சின்னதில் கிணற்றுச் சுவரில் விழுந்து வலது புருவம் இரண்டாகப் பிளந்தவன். சுருட்டை. வெற்றிலை. சீட்டி. அதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக ஒதுக்கித்தான் வைத்திருந்தாள், ஊரில் யாருக்கில்லை என்று. இப்போது ஒதுக்க இடமில்லை.

"என்ன ஏட்டி, பேயடிச்ச மாதிரி நிக்க?" என்றான் அவன், சாயங்காலம் வேலையிலிருந்து வந்து சைக்கிளைச் சாத்தும்போதே. மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற வேலை அவனுக்கு.

"ஒண்ணுமில்லங்க. நாளைக்கு லீவு போடுங்க."

"நானும் கேள்விப்பட்டேன். ஆபீஸ்லயே சொல்லிட்டானுவ. இடக்கைக்காரன் நான் ஒருத்தன்தானா?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே இடக்கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான், ராத்திரிச் சோற்றை வலக்கையால் பிசைந்து பாதியைச் சிந்தினான்.

மறுநாள் ஒப்பாரி இப்படிப் பாடியது:

*ஊருக்கு வெளிச்சம் வைக்க*
*உச்சிக்கு ஏறுனியே*
*கம்பி புடிச்ச கையி – என் மகனே*
*கரிக்கட்டை ஆயிருச்சே*

அதற்குமேல் ஊருக்குச் சந்தேகமில்லை. இது தாய் மகனுக்குப் பாடுவதாயிற்றே, பெண்டாட்டி குரலில் ஏன் வருகிறது என்று ஒருவர் கேட்க, அவனுக்கு ஆத்தா இல்லை, பெற்றுப் போட்டதும் போய்ச் சேர்ந்தாள், அந்த ஆத்தாதான் மருமகள் குரலை வாங்கிக் கூப்பிடுகிறாள் என்று இன்னொருவர் சொல்ல, கேட்டவர்கள் முழங்கை மயிர் சிலிர்த்து நின்றது. ஊர் ரொம்ப நல்ல ஊர். உயிரோடிருக்கிறவனுக்கு எழவு வீட்டு மரியாதை எல்லாம் செய்தார்கள். பக்கத்து வீட்டில் மீன் குழம்பு வந்தது, எதிர்வீட்டில் காப்பி வந்தது, டீக்கடையில் அவனிடம் காசு வாங்கவில்லை, பேசும்போது 'நல்ல மனுசனா இருந்தாவ' என்று நாக்குப் புரண்டு வந்தது. மூன்று வேளையும் சாப்பாடு வந்தும் பால்வண்ணன் இளைத்தான். கட்டிலை விட்டு இறங்கவில்லை, மின்விசிறியைப் போடவிடவில்லை, அஞ்சுகம் புழக்கடைக்குப் போனாலும், "எங்க போற, இங்கயே இரி," என்று சின்னப்பிள்ளை மாதிரி முந்தானையைப் பிடித்தான். 

ஞானதிரவியம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, வெற்றிலை இல்லாத வாயை மென்றார்.

"ஆய்வரங்கத்துக்கு நிறைவு அமர்வுன்னு ஒண்ணு வைக்கணும்மா. நாளைக்கு மத்தியானம் வச்சிருக்கோம். வெளியூர்ல இருந்தெல்லாம் வாராங்க."

"அதுல என்ன சார்?"

"ஒரு படைப்புன்னா முடிவுன்னு ஒண்ணு வேணும். அது முடியாம ஊர்ல ஒருத்தரும் நிம்மதியாத் தூங்க முடியல. அடையாளமெல்லாம் ஒரு ஆள்ட்டதான் வந்து நிக்கி. பேரைச் சொல்லி முடிச்சிரலாம்னு துறையில ஒரு கருத்து இருக்கு."

"யாரு பேரை சார்?"

அவர் சன்னலைப் பார்த்தார். "நான் சொல்லல. கருத்து இருக்குன்னுதான் சொல்லுதேன்."

 அவரைத் திட்டவேண்டும், காலில் விழவேண்டும், இரண்டையும் செய்யாமல் அஞ்சுகம் எழுந்து வந்தாள். இந்த மனுஷர் கெட்டவர் இல்லை, பயந்தவர், பயந்த நல்லவர்கள் கூடினால் ஒரு ஆளைக் கும்பிட்டுக்கொண்டே குழியில் இறக்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பால்வண்ணன் பேர் இல்லையென்றால் அந்தப் பாட்டுக்கு வேறொரு பேர் இருக்கவேண்டும், இருந்தது, அதை அந்தத் தாய் அடிக்கொரு தரம் கூப்பிட்டாள், இவளும் கேட்டாள், கேட்டு விதிப்படி வெட்டியெறிந்தாள், பெட்டியிலும் அழித்துவிட்டாள். இப்போது எவ்வளவு முட்டிக்கொண்டும் பேர் நினைவுக்கு வரவில்லை. தகவலாளி ஏழு, தகவலாளி ஏழு என்றுதான் வந்தது.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் கடற்கரை ஊருக்குப் பஸ் பிடித்தாள். வழிநெடுக அவளுக்கு எழவு வீட்டு நினைப்பு. அழுகிற பெண்கள் வட்டமாகத் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அந்தத் தாய் இன்னாசியம்மாள் இவளையும் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டாள். வட்டத்தில் உட்கார்ந்தவள் பாட்டு முடியாமல் எழுந்திருக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம், அந்த வழக்கத்தை அஞ்சுகம் தன் கட்டுரையில் எழுதியும் இருந்தாள். ஆனால் வேண்டிய அளவு பிடித்தாயிற்று, கடைசிப் பஸ் போய்விடும், அதனால் கையை மெல்ல உருவிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

இன்னாசியம்மாள் வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எழவு வீட்டில் பார்த்தபோது எலும்பாக இருந்தவள், கன்னம் உப்பி, முகம் தெளிந்து, மூக்குத்தி மின்னச் சிரித்தாள்.

"வா மக்ளே. பொட்டி கொண்டாந்த பிள்ளதான? உள்ள வா, சோறு தின்னுட்டுப் போ."

உள்ளே சுவரில் மாலை போட்ட படம். சுருட்டை முடி, பிளந்த புருவம். அஞ்சுகத்துக்கு ஒரு கணம் அது பால்வண்ணனாகவே தெரிந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இது யாரும்மா?"

இன்னாசியம்மாள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "யாரோ. வீட்டோட கெடக்கு. லெச்சணமா இருக்கான் என்னா? யாரு பெத்த பிள்ளயோ, தூரப்போட மனசு வரல."

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் கள்ளமில்லை. கருப்பு அரங்கத்தில் ஆளில்லாத குரலைக் கேட்டபோதுகூட அஞ்சுகம் அப்படிப் பயந்ததில்லை. அவள் சோற்றைத் தொடாமல் வெளியே ஓடிவந்தாள்.

குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டு மதினி குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "நீ வந்து பிடிச்சிட்டுப் போன நாளு ஒண்ணு, உங்க ஊர்ல அதைப் பாடுன நாளு ஒண்ணு. பாடுனியே, அன்னைக்குத்தான் இவளுக்குப் பிள்ளை மறந்துபோச்சு. அழுது அழுது சாகக் கெடந்தவ, எந்திரிச்சுக் கஞ்சி குடிச்சா. நாங்களும் அவன் பேரை எடுக்கதில்ல. கோயில் திருவிழாவுக்குக் கோபுரத்துல ஏறி சீரியல் பல்பு கட்டுனான், கரண்டு அடிச்சு அங்கயே போயிட்டான்."

"அவரு பேரு எனக்கு வேணும் மதினி."

"சொன்னா இவளுக்குத் திரும்பிருமே."

"சொல்லலன்னா எம் புருஷன் செத்துருவாரு."

மதினி குடத்தைக் குழாய்க்கு நேரே நகர்த்தி வைத்தாள். தண்ணீர் குடம் நிரம்பி வழிந்தது. இன்னாசியம்மாள் தூரத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டபடி பல்லிடுக்கில் சீட்டியடித்தாள், அது எங்கே கற்றது என்று அவளுக்கே தெரியாது. மதினி அஞ்சுகத்தின் காதருகே வந்து ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அஞ்சுகம் அரங்கத்துக்குள் நுழைந்தபோது நிறைவு அமர்வு கூடியிருந்தது. வெளியூர்ப் பேராசிரியர்கள், மொட்டைத் தலை மாணவர்கள், ஊர்ப் பெரிய மனிதர்கள், எல்லார் முகத்திலும் ஒரு கருணை. பால்வண்ணனையும் அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள், சந்தனமாலை வேறு போட்டிருந்தார்கள். அவன் அஞ்சுகத்தைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். பாயின் மேல் குரல் கம்பி பிடித்த கையைப் பாடி முடித்து இடைவெளிக்கு வந்துகொண்டிருந்தது. ஞானதிரவியம் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

அந்தக் கணத்தில் அஞ்சுகத்துக்கு இன்னாசியம்மாளின் உப்பின கன்னம் தெரிந்தது, துடைத்த கண்ணாடி தெரிந்தது. மகனைத் திருப்பிக் கொடுக்கிறேனா, மகன் செத்ததைத் திருப்பிக் கொடுக்கிறேனா என்று கேட்டுக்கொண்டாள். யோசிக்க நேரமில்லை என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம். நேரம் இருந்தது, அவள் தன் புருஷனைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"கஸ்பாரே," என்று பாடினாள், தன் தொண்டையால், அந்த இடைவெளி நிறைய.

ஒப்பாரி நின்றது. பாய் வெறும் பாயாகக் கிடந்தது. யாரோ தலைக்கு மேலே மின்விசிறி ஓடுவதைக் கவனித்தார்கள், யாரோ மூக்கைச் சிந்தினார்கள், பின்வரிசையில் ஒருத்தி துணிந்து பக்கத்தில் இருந்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், அவன் சாகவில்லை. பிறகு அரங்கமே பேர்களால் நிறைந்தது. பால்வண்ணன் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "அஞ்சு, பசிக்கி," என்றான். ஞானதிரவியம் அவளிடம் வந்து, நல்ல முடிவு, இதையும் சேர்த்துக் கட்டுரையை விரித்து எழுதலாம் என்றார்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. சோறு அடுப்புல இருக்கு," என்று அவள் புருஷனிடம் மட்டும் சொன்னாள். "நான் வாறதுக்கு நேரமாகும்."

கடற்கரை ஊரின் தெரு முக்கில் இறங்கும்போதே கேட்டது. தன் குரல் இல்லை, இன்னாசியம்மாளின் குரல். ஊர் வாசல் வாசலாக ஒதுங்கி நின்றது. அவர்களுக்கு அது போன வருஷத்துச் சாவு, அழுது முடித்த சாவு, இன்றைக்குத்தான் செத்தான் என்று ஒருத்தி மண்ணில் புரளுவதைப் பக்கத்தில் போய்ப் பார்க்க எல்லாருக்கும் பயமாக இருந்தது. மதினிகூடக் கதவைச் சாத்திக்கொண்டாள். கருவாடு வாசலில் அள்ளாமல் கிடந்தது, காக்கைகள் இறங்கியிருந்தன. அஞ்சுகத்துக்கும் திரும்பிவிட வழி இருந்தது, அடுத்த பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது.

அவள் உள்ளே போய் இன்னாசியம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து தோளைக் கட்டினாள். இன்னாசியம்மாள் யார் என்று பார்க்காமலே அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், எலும்பு நோகிற பிடி. பாட்டு சுருட்டை முடியைச் சொன்னது, சீட்டியைச் சொன்னது, புருவத்தைச் சொன்னது, கோபுரத்தைச் சொன்னது, ஒவ்வொன்றின் முடிவிலும் பேரைக் கூப்பிட்டது. அஞ்சுகம் எழவு வீட்டில் பாதியிலேயே எழுந்து போனதால் கேட்காத கடைசி அடிக்கு வந்தது:

*பொட்டியைத் தெறந்து வச்சுப் பொறுமையாக் கேட்ட மக*
*பாதியில கையெடுத்து பஸ்ஸேறிப் போன மக*
*மிச்சத்தை யாரு கேப்பா – என் கஸ்பாரே*
*மிச்சத்தை யாரு கேப்பா*

அன்றைக்கே, அஞ்சுகத்தின் முதுகைப் பார்த்தே இன்னாசியம்மாள் பாடியிருக்கிறாள். அஞ்சுகம் கையை உருவவில்லை. தெருமுக்கில் பஸ் ஒருமுறை ஒலியெழுப்பி, கொஞ்சநேரம் நின்று, போனது.